முதலாண்டு வகுப்பில் விதிகளைச் சொல்வதும் மாணவரைப் பேசவைப்பதும்

கலை அறிவியல் கல்லூரியில் புதிதாகப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு மூத்தவர்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: முதல் மாதம் சிரிக்காதீர்கள், அல்லது பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகிவிடுங்கள். முதலாவதைக் கடைப்பிடித்தால் அறுபது பேரும் அமைதியாகக் குறிப்பெடுப்பார்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார். இரண்டாவதைக் கடைப்பிடித்தால் முதல் இன்டர்னல் தேர்வு வருவதற்குள் வகுப்பு கையை விட்டுப் போயிருக்கும். பல ஆண்டுகளாக பி.காம். முதலாண்டுக்கு நிதிக் கணக்கியல் நடத்திவரும் என் அனுபவத்தில், எது நடக்கும், எது நடக்காது என்று தெளிவாகத் தெரிந்த வகுப்பில்தான் மாணவர் தவறான விடையையும் துணிந்து சொல்கிறார். ஆகவே விதிகளை வகுப்பதையும் பேசவைப்பதையும் ஒரே வேலையாகத் திட்டமிடுங்கள்.

முதல் வகுப்புக்குச் செல்லும் முன் ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் விதிகளை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆறாவதை நீங்களே மறந்துவிடுவீர்கள், மாணவர் மறக்கமாட்டார். ஒவ்வொன்றின் அருகிலும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் அந்த விதி தேவையில்லை என்று பொருள். பல்கலைக்கழக விதிகளைப் பொறுத்தவரை, "75 விழுக்காடு வருகை கட்டாயம்" என்று சொல்வதைவிட அதைக் கணக்காகக் காட்டுவது பயன் தரும். ஒரு பருவத்தில் 90 வேலை நாள்கள் என்றால் 22 நாள் விடுப்பு எடுக்கலாம், இருபத்து மூன்றாவது நாள் சிக்கல் தொடங்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது, ஊர்த் திருவிழா, அக்காள் திருமணம், காய்ச்சல் என்று மாணவர் தம் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கத் தொடங்குவதை முகத்திலேயே காணலாம். இன்டர்னல் மதிப்பெண்ணையும் அவ்வாறே பிரித்துக் காட்டுங்கள். 25 மதிப்பெண்ணில் தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்பது முதல் வாரமே தெரிந்தால், பருவ முடிவில் "சார், எனக்கு மட்டும் ஏன் 14?" என்று துறைத் தலைவர் அறைக்கு எவரும் போவதில்லை.

அதிகம் சிக்கல் தருவது தாமத விதிதான். நகரத்துக்கு வெளியே உள்ள கல்லூரிகளில் முதல் ஹவருக்கு வரும் மாணவரில் பலர் ஒரே டவுன் பஸ்ஸை நம்பியிருக்கிறார்கள். அது பத்து நிமிடம் பிந்தினால் பதினைந்து பேர் ஒன்றாக வாசலில் நிற்பார்கள். அவர்களை வெளியே நிறுத்தினால் உங்கள் கண்டிப்பு நிலைநாட்டப்படும், ஆனால் பாடம் போய்விடும், அவர்களும் கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். நான் கடைப்பிடிக்கும் முறை இது: வாசலை ஒட்டிய இரண்டு பெஞ்சுகளை எப்போதும் காலியாக வைத்திருப்பேன். தாமதமாக வருபவர் அனுமதி கேட்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது, ஓசையின்றி அந்தப் பெஞ்சில் அமர வேண்டும். ஹவர் முடிந்தபின் என்னிடம் வந்து பெயர் சொல்ல வேண்டும். "மே ஐ கமின் சார்" என்ற ஒரு வரி பேச்சை நிறுத்தி, நாற்பது தலைகளைத் திருப்பி, நான் விட்ட இடத்தை மறக்கச் செய்வதால்தான் இந்த ஏற்பாடு என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். பஸ்ஸால் தாமதமானவருக்கும் கேன்டீனில் உட்கார்ந்து தாமதமானவருக்கும் வேறுபாடு உண்டு. அது ஹவருக்குப் பிந்தைய ஒரு நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும்.

கைப்பேசி விதிக்கு நீளமான விளக்கம் வேண்டாம்: பைக்குள் இருக்கட்டும், கணக்கிட வேண்டிய நேரத்தில் நான் சொன்னதும் எடுக்கலாம். ஆனால் விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒருமுறை நடுப்பாடத்தில் என் பேசி ஒலிக்க, அவசரம் என்று எண்ணி எடுத்துப் பேசிவிட்டேன்; அழைத்தது கடன் அட்டை விற்பவர். அடுத்த இரண்டு வாரங்களுக்கு அந்த வகுப்பில் கைப்பேசி பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அசைன்மென்ட்டுக்குக் கெடு வைக்கும்போது நாள்காட்டியைத் தேதிக்காக மட்டுமல்லாமல் பஞ்சாங்கமாகவும் பாருங்கள். நம் மாணவர்களில் பலர் முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் பரிமாறப் போகிறார்கள். ஆவணி, ஐப்பசி ஞாயிறு முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் கெடு வைத்தால் தூக்கம் சொக்கும் கண்களும் அச்சாகக் காப்பியடித்த தாள்களுமே கிடைக்கும். வியாழக்கிழமைக் கெடு நல்லது. தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்று சொல்லுங்கள். கூடவே, காரணம் கேட்காமல் தரும் இரண்டு சலுகை நாள்களைப் பருவத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் கொடுங்கள். பொய்க் காரணங்கள் பாதியாவது இதனால் குறையும், யாருடைய குடும்பச் சூழ்நிலையையும் வகுப்பின் முன்னால் கிளற வேண்டிய தேவையும் வராது.

இனிப் பேசவைப்பது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், அதற்கு நம் வகுப்புகளில் "புரிந்தது சார்" என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்றும் 1970களில் காட்டினார். நான் நொடியைக் கணக்கிடுவதில்லை, எழுதச் சொல்கிறேன். தேய்மானம், அதாவது பயன்பாட்டால் சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவது, என்ற பாடம் தொடங்கும் நாளில், விளக்கம் எதுவும் தராமல் இவ்வளவுதான் கேட்பேன்: ரூ.1,00,000-க்கு வாங்கிய இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம் என்றால் இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? இரண்டு நிமிடம் தனியாக எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தாளைக் காட்டிப் பேச வேண்டும், அதன்பின்தான் கை தூக்க வேண்டும். சிலர் 10,000 என்பார்கள், சிலர் 9,000 என்பார்கள். இரண்டும் சரி என்று நான் சொல்லும்போது வகுப்பில் எழும் எதிர்ப்புக் குரல்தான் எனக்கு வேண்டியது. முதல் விடை, ஒவ்வோர் ஆண்டும் வாங்கிய விலையின் மீதே கணக்கிடும் நேர்கோட்டு முறை; இரண்டாவது, முதல் ஆண்டுத் தேய்மானம் போக மீதியுள்ள மதிப்பின் மீது கணக்கிடும் குறைந்து செல் மதிப்பு முறை. இரண்டையும் நான் அறிமுகப்படுத்தும் முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்நிலையில் கணக்குப்பதிவியல் படிக்காமல் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களும் இந்தக் கேள்வியில் சமமாகக் கலந்துகொள்ள முடிகிறது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசும் அந்தப் பேச்சு தமிழில் நடக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர் பேசாதிருப்பதற்குப் பாடம் புரியாதது காரணமாக இருப்பதில்லை. ஆங்கிலத்தில் சொல்லப்போய் முதல் சொல்லிலேயே தடுமாறிவிடுவோமோ என்ற கூச்சம்தான் காரணம். தமிழில் வாதிட்டு முடிவுக்கு வந்தபின், தேர்வுக்குரிய ஆங்கில வாக்கியத்தைச் சேர்ந்து எழுதலாம். பெயரைச் சொல்லி அழையுங்கள், "அந்த நீலச் சட்டை" வேண்டாம்; முதல் இரண்டு வாரம் ஒரே இடத்தில் அமரச் சொல்லி இருக்கைப் படம் வரைந்துகொண்டால் அறுபது பெயரும் வந்துவிடும்.

விதி மீறப்படும் நாள் எப்படியும் வரும், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். வகுப்பின் முன் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம் மட்டுமே. மீதியை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே, குரல் உயர்த்தாமல் பேசுங்கள். ஒருவருக்காக வகுப்பு முழுவதற்கும் வருகையை வெட்டாதீர்கள். நன்றாகப் படிப்பவர் என்பதற்காக ஒருவரை விட்டுவிடவும் கூடாது, அதை மறுநாளே எல்லாரும் அறிவார்கள்.

முதல் இன்டர்னல் முடிந்த வாரத்தில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டு ஒன்றில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எது பயன்படுகிறது, எது தடையாக இருக்கிறது. அடுத்த வகுப்பிலேயே, எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற மாட்டீர்கள், ஏன் என்று வாசித்துக் காட்டுங்கள். போன ஆண்டு எனக்கு வந்த சீட்டுகளில் பதினொன்று, கரும்பலகையின் வலது மூலையில் நான் எழுதுவது கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை என்றே சொன்னது. அன்றிலிருந்து இடப்பக்கம் எழுதுகிறேன்.