வெளிநாட்டில் நிர்மாண முகாமைத்துவம்: எம்மவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பின்னர் கல்லடி முதல் பொத்துவில் வரை வீடுகளும் பாடசாலைகளும் மீண்டும் எழுந்த காலத்தில், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் இளைஞர்கள் பலர் நிர்மாண வேலையைக் கைப்படப் பழகிக்கொண்டார்கள். கம்பி கட்டுவதும் பலகை அடிப்பதும் கொங்கிரீட் போடுவதும் நன்கு தெரிந்த அவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் சென்றார்கள். ஆயினும், பத்து ஆண்டுகள் உழைத்த பின்பும் போர்மன் என்ற நிலையைத் தாண்டாமல் திரும்பியவர்களே அவர்களில் அதிகம். தோகாவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்த எனக்கு, இதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று தோன்றவில்லை. வேலையைச் செய்து முடிப்பதோடு நிறுத்திக்கொண்டு, அதை எழுத்தில் வைக்காமல் விடுவதே எம்மவர் செய்யும் பெரிய தவறு.

நானும் அந்தத் தவறைச் செய்தேன். நான் மேற்பார்வையாளராக இருந்த ஒரு கட்டடத்தில், நிலக்கீழ்த் தளச் சுவருக்குரிய திருத்திய வரைபடம் மூன்று வாரங்கள் பிந்தி வந்தது. ஆலோசகரின் பொறியியலாளரிடம் அதை நாள்தோறும் வாயால் சொன்னேன்; அவரும் கேட்டுக்கொண்டார். எட்டு மாதங்களின் பின் கம்பனி கால நீடிப்புக் கேட்டபோது, அந்த மூன்று வாரங்களைப் பற்றி எம்மிடம் ஒரு வரி எழுத்தும் இருக்கவில்லை. தாமதத்துக்கான தண்டப்பணம் எம் தலையில் விழுந்தது.

வளைகுடா நாடுகளின் பெரிய ஒப்பந்தங்கள் பல, ஃபிடிக் எனப்படும் சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் கூட்டமைப்பு வெளியிடும் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளைத் தழுவி எழுதப்படுகின்றன. அவற்றுள் நிர்மாண வேலைகளுக்கான 1999 சிவப்புப் புத்தகத்தில் 20.1ஆம் வாசகம் ஒரு கண்டிப்பான விதியைச் சொல்கிறது: தாமதத்துக்கோ மேலதிகச் செலவுக்கோ காரணமான நிகழ்வை ஒப்பந்தகாரர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால், கால நீடிப்புக்கும் பணத்துக்குமான உரிமையை அவர் இழக்கிறார். முழு விபரங்களுடன் கூடிய கோரிக்கைக்கு 1999 பதிப்பு 42 நாட்களைத் தருகிறது. 2017 பதிப்பு அதை 84 நாட்களாக நீட்டியபோதும், முதல் அறிவித்தலுக்கான 28 நாட்களை மாற்றவில்லை. வட்சப்பில் அனுப்பிய படமும் தொலைபேசியில் சொன்ன சொல்லும், ஒப்பந்தம் கேட்கும் வடிவத்திலுள்ள கடிதத்துக்கு ஈடாக மாட்டா. ஆகவே எத்தனை பேர் வந்தார்கள், எந்த இயந்திரம் சும்மா நின்றது, எந்த வரைபடத்தின் எத்தனையாவது திருத்தம் கைக்கு வந்தது, யார் என்ன அறிவுறுத்தல் தந்தார் என்பவற்றை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி, மறுதரப்பின் கையொப்பத்தையும் பெற்றுவிட வேண்டும். இதற்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. திகதியும் அளவும் இடமும் பிழையின்றி அமைந்த நான்கு எளிய வாக்கியங்கள் போதும். அந்த நான்கு வாக்கியங்களை எழுதக் கூச்சப்பட்டு, மற்றவரிடம் ஒப்படைத்துவிடுபவருக்கு முகாமையாளர் பதவி எட்டாது.

ஊர்க் கணக்கை அங்கேயும் கொண்டு செல்வது இன்னொரு தவறு. மணலையும் சல்லியையும் நாம் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். இந்த மாற்றம் மனதில் பதியாதவர் அவசரத்தில் தவறான அளவுக்குக் கட்டளை கொடுத்துவிடுவார். வேலை அட்டவணையும் அப்படியே. ஊரில் மாரி மழையைப் பார்த்துத் திட்டமிடுகிறோம். அங்கே வெயிலைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை தடைசெய்யப்பட்டுள்ளது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை அத்தடை பிற்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை நீள்கிறது. கோடை மாதங்களுக்கும் முழுநாள் வேலையைக் கணக்கிட்டு வரையப்பட்ட அட்டவணை முதல் மாதத்திலேயே பிந்திவிடும். அதைவிட, அந்தப் பிந்தலை ஈடுசெய்யத் தொழிலாளர்களை வெயிலில் நிறுத்தும் கொடுமைக்கும் அது வழிவிடும்.

புறப்படும் முன் நிகழும் தவறுகளும் எழுத்தைப் பற்றியவையே. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம் என்பதை அறியாமலே போய்விடுகிறார்கள். அதில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள்; 7ஆம் மட்டம் பட்டம். அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்தவர்கள் தம் சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தாமல் பயணமாகி, சவூதிப் பொறியியலாளர் சபையில் பதிய முற்படும்போது தடுமாறுகிறார்கள். எப்படியாவது போய்விட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, விசாவில் தாழ்ந்த தொழிற்பெயரை ஏற்பதும் பிற்காலத்தில் பெரிய தடையாகும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் செல்வதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சம்பளத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவதால் வரும் இழப்பு உடனே தெரியாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் சேவை முடிவுப் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகும். மொத்தம் 6,000 திர்ஹம் பெறும் இருவரில், அடிப்படை 2,000 ஆக உள்ளவர் ஐந்து ஆண்டுகளின் முடிவில் 7,000 பெறுவார். அடிப்படை 3,600 ஆக உள்ளவர் 12,600 பெறுவார்.

பாடநெறிகளைப் பொறுத்தவரை, வேலை அட்டவணை தயாரிக்கும் ப்ரிமவேரா மென்பொருளும் பாதுகாப்புப் பயிற்சியும் பயனுள்ளவையே. ஆனால் பி.எம்.பி. என்ற திட்ட முகாமையாளர் சான்றிதழுக்கான பரீட்சைக்குப் பட்டதாரி ஒருவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும் என்பதை அறியாமல், முதலாம் ஆண்டிலேயே வகுப்புக்குக் காசு கட்டுவது வீண்.

கம்பனியை விட்டு விலகும்போது சேவைக் கடிதம் பெறாமல் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடிதத்தில் திட்டத்தின் பெயர், அதன் பெறுமதி, வகித்த பொறுப்பு, தொடக்க முடிவுத் திகதிகள் அனைத்தும் இருக்க வேண்டும். எம்மவர் பெயர்களில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுமையாகவும் வருவதால், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே கடிதத்திலும் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பிழையைத் திருத்தி வாங்கிவிட வேண்டும்.