வள்ளலாரை வாழ்க்கை வரிசையில் காண: மருதூர் முதல் மேட்டுக்குப்பம் வரை

வடலூருக்குச் செல்வோரில் பலர் சத்திய ஞான சபையில் வழிபட்டுவிட்டு, நேரம் இருந்தால் தருமச்சாலையில் உண்டு, அடுத்த பேருந்தில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். வழிபாட்டுக்கு அது போதும். வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் எதைச் செய்த பின் எதைச் செய்தார் என்று அறிய விரும்புவோருக்கு அந்த வழி உதவாது. அவருடைய வாழ்க்கையோடு பிணைந்த மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் ஆகிய நான்கு ஊர்களும் கடலூர் மாவட்டத்தில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருப்பதால், காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் நான்கையும் பார்த்துவிடலாம். அவற்றைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, வரிசை மாறாமல் பார்க்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது.

பயணத்துக்கு முன் சிறிது படித்துக்கொள்வது நல்லது. ஆனால் அவருடைய பாடல் தொகுப்பான திருவருட்பாவை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் திருமுறையின் வாயிலில் நிற்கும் திருவடிப் புகழ்ச்சி, வடமொழித் தொடர்கள் அடுக்கடுக்காக வரும் 128 அடிகள் கொண்ட நெடும்பாடல். அதோடு நூலை மூடிவைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாறாக, ஆறாம் திருமுறையில் பிள்ளைப் பெரு விண்ணப்பத்தைத் திறந்து, எல்லோருக்கும் முதல் அடி மட்டும் தெரிந்த ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்னும் பாடலை இறுதிவரை படியுங்கள். மேடைப் பேச்சுகளில் அந்தப் பாடல் பயிரோடு நின்றுவிடுகிறது; பாடலிலோ பயிர் தொடக்கம் மட்டுமே. அடுத்து, வீடு வீடாக இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவரைக் கண்டு பதைத்ததைச் சொல்கிறார். அதன்பின் நெடுநாள் நோயாளிகள் வருகிறார்கள். முடிவில், ஏழைகளாக இருந்தும் மானத்தால் பிறரிடம் வாய்திறக்காமல் நெஞ்சு இளைத்துப்போனவர்களைக் கண்டு தாமும் இளைத்ததாகச் சொல்லி முடிக்கிறார். கேட்கிற ஏழையைவிடக் கேட்காத ஏழையைக் கடைசியில் நிறுத்தியிருப்பது கவனிக்கத்தக்கது. இந்த ஒரு பாடலை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு வடலூரில் காணப்போவது பாதி விளங்கிவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் ஒரு காலைப்பொழுதைக் கந்தகோட்டத்துக்கும் ஏழுகிணறு பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கும் ஒதுக்கலாம். தந்தை இராமையா குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட, தாய் சின்னம்மையோடும் உடன்பிறந்தாரோடும் சென்னைக்கு வந்தவர், 1858 வரை அங்கேதான் வாழ்ந்தார். ‘ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற’ என்று தொடங்கும் பாடல் கந்தகோட்டத்து முருகனை முன்னிட்டுப் பாடியதே. பிற்காலத்தில் சமய மதங்களின்மேல் பற்று வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியவர், இளமையில் ஒரு கோயில் சந்நிதியில் எவ்வளவு உருகி நின்றார் என்பதை அங்கே நின்று உணரலாம்.

பயணத்தின் முதல் ஊர் மருதூர். வடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர். 1823 அக்டோபர் 5 அன்று அவர் பிறந்த இடம் இப்போது நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. இங்கே அதிக நேரம் தேவைப்படாது. வாகனமும் பொழுதும் இருந்தால் மருதூருக்கு முன்பே சிதம்பரம் சென்று வருவது நல்லது. சிறு பருவத்தில் தாய் முதலியோரோடு தில்லையில் திரை தூக்கத் தரிசித்தபோது தமக்கு எல்லாம் வெளியாகக் காட்டப்பட்டதாக அவரே பாடியிருக்கிறார். தில்லையின் அந்த ஒற்றைத் திரையைப் பார்த்துவிட்டு வருவோருக்குத்தான் வடலூர் ஞான சபையின் ஏழு திரைகள் எங்கிருந்து வந்தன என்பது புலப்படும்.

அடுத்து கருங்குழி. 1858இல் சென்னையை விட்டு வந்தவர், இவ்வூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஒன்பது ஆண்டுகள் போலத் தங்கினார். தண்ணீரால் விளக்கு எரிந்தது இங்கேதான் என்பது மரபு. நெய்விளக்கைப் போல் தண்ணீர் விளக்கும் எரிந்ததைச் சொல்லும் பாடலும் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் அந்த விளக்கைப் பற்றியே கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் குறை. சமரச வேத சன்மார்க்க சங்கம் 1865இல் உருவானதும், அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் அச்சேறியதும் இந்தக் காலத்தில்தான். நூல் அச்சாகும்போது தம் பெயரை இராமலிங்கசாமி என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்று அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. சிதம்பரம் இராமலிங்கம் என்று கையெழுத்திட்டவரை மாணவர் நூலின் முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் ஆக்கினார், அப்பெயரே நிலைத்தது. விளக்கின் முன் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வடலூருக்கு நண்பகலுக்குள் வந்து சேருமாறு திட்டமிட வேண்டும். சென்னை கும்பகோணம் சாலையும் கடலூர் விருத்தாசலம் சாலையும் சந்திக்கும் ஊர் என்பதால் பேருந்துக்குக் குறைவில்லை; ரயில் நிலையமும் உண்டு. இங்கே வரிசை மிக முக்கியம். முதலில் தருமச்சாலை, பிறகுதான் ஞான சபை. காரணம் எளியது. தருமச்சாலை 1867 மே 23 அன்று தொடங்கப்பட்டது. ஞான சபையின் முதல் தைப்பூச வழிபாடு 1872 ஜனவரி 25 அன்றுதான் நடந்தது. சோறு போட்டு நாலரை ஆண்டுக்கு மேல் ஆன பிறகே அவர் ஒளியைக் காட்டினார்.

தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து உண்ணுங்கள். வசதியுள்ளவர்கள் இலவச உணவுக்குக் கூச்சப்பட்டு வெளியே நிற்பது வழக்கம், அது வேண்டியதில்லை. இலையில் மீதி வைக்காமல் உண்பதும், இயன்றால் அரிசியோ பருப்போ கொடுத்துவிட்டு வருவதும் போதும். உண்ட பிறகு, அன்று மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை என்று சொல்லப்படும் அடுப்பைப் பாருங்கள். அடிகள் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்ட இரண்டே ஆண்டுகளில், 1876இல், தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தை வாட்டத் தொடங்கியதை நினைத்தால் அந்த அடுப்பின் பொருள் இன்னும் கூடும்.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் அவருடைய உரைநடையைப் படிக்க ஏற்ற இடம் இதுதான். பசி வந்தால் உடம்பில் என்னென்ன நேர்கிறது என்று அதில் ஓரிடத்தில் வரிசையாகச் சொல்கிறார். கண் பஞ்சடைந்து குழிகிறது, காது அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, கைகால் துவள்கின்றன, வயிறு எரிகிறது. உணவு கிடைத்ததும் இவை ஒவ்வொன்றாக மாறுவதையும் அதே நுணுக்கத்தோடு எழுதுகிறார். மருத்துவக் குறிப்பு போலிருக்கும் இந்தப் பகுதியை எழுதியவர்தான் ஜீவகாருண்யத்தை முத்தி வீட்டின் திறவுகோல் என்றும் சொல்கிறார். இரண்டையும் பிரித்துப் படித்தால் அவர் வெறும் அன்னதானம் செய்தவராகவோ வெறும் சித்தராகவோ தெரிவார்.

அங்கிருந்து ஞான சபைக்கு நடந்தே செல்லலாம். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்த எண்கோண வடிவக் கட்டடம் அது. கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும் என்ற அறிவிப்பை வாயிலில் காணலாம். சாதி, மதம் எதையும் கேட்காத இடத்தில் புலால் உண்ணாமை ஒன்றே தகுதியாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகுதி இல்லாதவர்கள் வெளியிலிருந்து வழிபடுவதே முறை. உள்ளே கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு நிறம் என ஏழு திரைகள். தைப்பூசத்தன்று ஏழும் நீக்கப்பட்டு ஜோதி தரிசனம் காட்டப்படும். மாதப் பூசத்தில் ஆறு திரைகள் மட்டும் விலகும். முதன்முறை வருபவர்களுக்கு நான் மாதப் பூசத்தையே சொல்வேன். தைப்பூசத்தில் பெருங்கூட்டத்துக்கிடையே ஒரு கணம் ஒளியைக் காணலாமே தவிர, நின்று எதையும் கவனிக்க முடியாது. பூசம் அல்லாத சாதாரண நாளில் சபையின் அமைதி நன்றாக இருக்கும். திரை விலகுவதைக் காண முடியாது என்பதை மட்டும் அறிந்து வர வேண்டும்.

மாலையில் மேட்டுக்குப்பம். இங்குள்ள சித்திவளாகத் திருமாளிகையில்தான் 1873 அக்டோபர் 22 அன்று சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருபதேசம் செய்தார். சமயச் சடங்குகளிலும் சாத்திரங்களிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். இளமைக் கந்தகோட்டத்திலிருந்து அவர் நடந்து வந்த தொலைவு இங்கே தெரியும். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. ஒளியுடம்பாகக் கலந்தார் என்பது அன்பர்களின் உறுதியான நம்பிக்கை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் என்னும் அரசு விவர நூல், அறை அப்போதும் பூட்டியே இருந்ததையும் அன்பர்களின் நம்பிக்கையையும் குறிப்பிடுகிறது. காவலரைப் போலக் கேள்வி கேட்டு அன்பர்களோடு வாதாடுவதற்கு அது ஏற்ற இடம் அன்று. தைப்பூசத்தன்றிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாள் இங்கே திருவறை தரிசனம் நடைபெறும். மற்ற நாட்களில் கூட்டம் குறைவு.

அறைக்குள் சென்று சாத்திக்கொள்வதற்குச் சில வாரங்களுக்கு முன், உள்ளே இருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, அதை இடைவிடாது வழிபடுமாறும் ‘நினைந்து நினைந்து’ என்று தொடங்கும் 28 பாடல்களின்படி தியானம் செய்யுமாறும் சொன்னதாகச் சன்மார்க்க மரபு கூறுகிறது. அந்தப் பாடல்களைத் தாளில் எடுத்துச் சென்றால், விளக்கின் முன் அமர்ந்து முதல் பாடலை மட்டுமாவது வாய்விட்டுப் படித்துவிட்டு, இருட்டுவதற்குள் வடலூர்ப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.