கிராம இணையத்துக்காக அலைக்கற்றை பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கைபேசி, இணையச் சிக்னல்கள் போகும் ரேடியோ அலைவரிசைகளைத்தான் அலைக்கற்றை என்கிறோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு ஒவ்வொரு முறை கலந்தாய்வுத் தாள் வெளியிடும்போதும், கிராம இணையத்தில் அக்கறை உள்ள இளைஞர்கள் சிலர் தாங்கள் அனுப்பப்போகும் கருத்தின் வரைவை எனக்கு அனுப்பிப் படிக்கச் சொல்வார்கள். நல்ல மனதோடு எழுதியிருப்பார்கள். ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்துத் தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்புவது போன்றவற்றை விடுங்கள், அதை யாராவது திருத்திவிடுவார்கள். கிராமத்துக்கு நஷ்டம் வைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஏலத் தொகையை வெற்றியாக எண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நம் ஊரில் அலைக்கற்றை வீட்டுக்கு வீடு பேச்சானதே 2ஜி விவகாரத்தால்தான். தணிக்கை அறிக்கை சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. அதனால் 'அரசுக்கு எவ்வளவு வரும்' என்பதே முதல் கேள்வியாகிறது. அண்மையில் வந்த ஒரு வரைவில் பாதிக்கு மேல் வருவாய்க் கணக்குதான். கிராமம் கடைசியில் வந்தது.

700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கதையைப் பாருங்கள். அலைவரிசை தாழ்ந்திருப்பதால் தூரம் போகும், சுவரையும் மரங்களையும் ஓரளவு தாண்டும். வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதிக்குக் குறைந்த டவர்கள் போதும். 2016 ஏலத்தில் இதற்கு நாடு முழுவதற்குமான அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். யாரும் கேட்கவில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள், அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2022இல் 3,927 கோடிக்கு இறங்கிய பிறகுதான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது.

நடுவில் போனது ஆறு ஆண்டுகள். பள்ளிகள் மூடி, பாடம் கைபேசிக்கு வந்த 2020ம் அதற்குள்தான் வருகிறது. சிக்னல் கிடைக்கும் மேடு தேடிப் பிள்ளைகள் நடந்ததை ஒரு மலைக்கிராமத்தில் பார்த்தேன். அந்த நேரத்தில் இந்த அலைவரிசை விற்காமல் கிடந்தது. கருவூலத்துக்கும் அதனால் ஒரு ரூபாய் வரவில்லை. ஆற்றுமணலை அள்ளாமல் விட்டால் அது அங்கேயே இருக்கும். அலைக்கற்றையைச் சேர்த்துவைக்க முடியாது, பயன்படுத்தாத நாள் போனது போனதுதான்.

சரி, விலையைக் குறைத்தால் மட்டும் கிராமத்துக்கு டவர் வந்துவிடுமா? வராது, நிபந்தனையும் வேண்டும். ஜெர்மனி 2010இல் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது வரிசையைத் தலைகீழாக்கியது: முதலில் 5,000 பேருக்கு மேற்படாத சிற்றூர்கள். மாநிலத்தில் அத்தகைய ஊர்களில் 90 சதவீத மக்களுக்குச் சேவை போன பிறகே அடுத்த அளவு ஊர்களுக்குப் போகலாம். பெரிய நகரங்களுக்குக் கடைசி இடம். உங்கள் வரைவில் முதலில் இருக்க வேண்டியது இப்படிப்பட்ட நிபந்தனை: எந்த அளவு ஊர், எந்தத் தேதிக்குள், என்ன வேகம், தவறினால் என்ன தண்டனை. ஏலத் தொகை அதற்கு அப்புறம் வரட்டும்.

உரிம விலக்கு என்றால் விதியே இல்லை என்று நினைப்பது

2018 அக்டோபரில், வைஃபைக்குப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸுக்கு உரிம விலக்கு கிடைத்தது, அதாவது அந்த அலைவரிசையை உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம். விலக்கு அலைவரிசைக்கு மட்டும்தான். சக்தி வரம்பு உண்டு. இணையச் சேவையைக் காசுக்கு விற்கத் தனி அனுமதி வேண்டும். பிஎம்-வாணி திட்டத்தில் பொது வைஃபை நடத்தும் சிறு கடைக்காரருக்கு மட்டும் அந்த அனுமதி தேவையில்லை. இவை மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் உங்கள் கோரிக்கை என்னவென்றே படிப்பவருக்குப் புரியாது.

டவரோடு நின்றுவிடுவது

டவரை இணையத்தோடு இணைக்கும் ஃபைபர் கேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் அரசுத் திட்டமான பாரத்நெட் உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்திருந்தால், இன்று அது வேலை செய்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

'கிராமப்புறம்' என்று பொதுவாக எழுதுவது

ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

எதிர்க்கருத்துக் கெடுவை விட்டுவிடுவது

டிராய் இரண்டு தேதி கொடுக்கும்: ஒன்று கருத்துக்கு, மற்றது பிறர் சொன்ன கருத்துகளுக்குப் பதில் எழுதும் எதிர்க்கருத்துக்கு. பலரும் முதல் தேதியோடு ஓய்ந்துவிடுகிறார்கள். நிறுவனங்கள் என்ன எழுதின என்பது டிராய் தளத்திலேயே இருக்கும். கிராமத்துக்குச் சேவை கட்டுப்படியாகாது என்று ஒரு நிறுவனம் எழுதியிருந்தால், உங்கள் ஊர்க் கணக்கை வைத்துப் பதில் சொல்ல வேண்டிய இடம் அந்த இரண்டாவது தேதிதான்.