சுயேச்சையா எம்எல்ஏ எலக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா? மைக்க அப்புறம் பாப்போம், மொதல்ல பேப்பர்

சட்டசபை எலக்‌ஷன்ல முதல் தடவை சுயேச்சையா நிக்கணும்னு வர்றவங்க எல்லாருமே கேக்கறது ரெண்டு மூணு கேள்விதான், எவ்ளோ செலவாகும், எந்த சின்னம் வாங்கலாம், பிரச்சாரத்துல என்ன பேசறது. வேட்புமனு தள்ளுபடி ஆகாம இருக்க என்ன பண்ணணும்னு கேக்கற ஆள் அபூர்வம். ஆனா பெரிய கட்சிக்காரனுக்கு வக்கீல் அணி இருக்கு, மாவட்ட ஆபீஸ் இருக்கு, எல்லா பேப்பரையும் அவங்களே ரெடி பண்ணி கையெழுத்துக்கு மட்டும் நீட்டுவாங்க. உங்களுக்கு அது எதுவும் கிடையாது, அதனால தெருவுல இறங்கறதுக்கு முன்னாடியே தோக்கற இடம் இந்த மனு வாரம்தான். நான் எழுதறது தமிழ்நாட்டு சட்டசபைய வச்சு, அதுவும் கட்சி சீட்டு இல்லாம தனியா நிக்கறவங்களுக்கு.

தகுதி விஷயத்த வேகமா சொல்லிடறேன். மனு பரிசீலனை நடக்கற அன்னிக்கு 25 வயசு முடிஞ்சிருக்கணும். தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு தொகுதியில ஓட்டரா இருக்கணும், நிக்கற தொகுதியிலயே ஓட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா வேற தொகுதின்னா அந்த வாக்காளர் பட்டியல்ல உங்க பேர் இருக்கற பக்கத்தோட சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி மனுவோட வைக்கணும். மொத்தம் 234 தொகுதியில 44 எஸ்சி தனித்தொகுதி, சேந்தமங்கலமும் ஏற்காடும் எஸ்டி தொகுதி, இதுல நிக்க அந்தந்த சமூகத்துக்காரங்களா இருக்கணும். அரசு வேலையில இருந்தா ராஜினாமா குடுத்தா மட்டும் பத்தாது, அத ஏத்துக்கிட்ட ஆர்டர் கையில வேணும். அரசாங்கத்தோட கான்ட்ராக்ட் ஏதாவது ஓடிட்டு இருந்தா உடனே ஒரு வக்கீல பாருங்க. அப்புறம் முக்கியமா, 2025 கடைசியில நடந்த எஸ்ஐஆர்ல (வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம்) கிட்டத்தட்ட 97 லட்சம் பேர் வரைவுப் பட்டியல்ல இல்லாம போனாங்க, அதனால "நான் எப்பவும் ஓட்டு போடறவன்தானே"ன்னு இருக்காம உங்க பேரு இப்ப இருக்கான்னு பாகம் எண், வரிசை எண்ணோட பாத்து எழுதி வச்சுக்கங்க. மனுவுல இந்த நம்பர்கள்தான் வேணும்.

இப்ப டைம் எவ்ளோ கம்மின்னு பாருங்க. 2021 எலக்‌ஷன எடுத்துக்கங்க, மார்ச் 12 மனு தாக்கல் ஆரம்பம், 19 கடைசி நாள், 20 பரிசீலனை, 22 வாபஸ், ஏப்ரல் 6 ஓட்டு. நடுவுல லீவு நாள்ல மனு வாங்க மாட்டாங்க, தினமும் காலையில 11ல இருந்து மதியம் 3 வரைக்கும்தான். நல்ல நேரம் பாத்துட்டு கடைசி நாள் ரெண்டரை மணிக்கு மாலையோட வர்ற கூட்டத்த எல்லா தொகுதியிலயும் பாக்கலாம், நீங்க அதுல இருக்காதீங்க. முதல் ரெண்டு நாளுக்குள்ள குடுத்துடுங்க. ஏன்னா மனு வாங்கும்போதே என்னென்ன பேப்பர் இல்லைன்னு ஆர்ஓ (தேர்தல் நடத்தும் அலுவலர்) ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, அபிடவிட்ல (சொத்து, கேஸ் விவரம் சொல்ற பிரமாணப் பத்திரம்) குறை இருந்தா பரிசீலனை ஆரம்பிக்கறதுக்குள்ள வேற குடுத்துக்கலாம், ஆனா உங்க பேர முன்மொழிஞ்சு மனுவுல கையெழுத்து போடறவங்க விஷயத்துல தப்புன்னா புது மனு போடறத தவிர வழியில்ல, அதுக்கு நாள் வேணும். ஒருத்தர் நாலு செட் மனு வரைக்கும் போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினா போதும். அதனால ரெண்டாவது செட்ட வேற பத்து பேர் கையெழுத்தோட கண்டிப்பா போடுங்க.

அந்த பத்து பேர்தான் சுயேச்சையோட உயிர். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும், நமக்கு பத்து, பத்து பேருக்கும் அதே தொகுதியில ஓட்டு இருக்கணும். இந்த பத்து எங்கிருந்து வந்துச்சுன்னா அதுக்கு நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. 1996ல மொடக்குறிச்சியில 1,033 பேர் நின்னாங்க, விவசாயிங்க தங்க கோரிக்கை மேல கவனத்த திருப்பறதுக்காக கூட்டமா மனு போட்டது, ஓட்டுச்சீட்டு ஒரு புத்தகம் மாதிரி ஆகி எலக்‌ஷனயே தள்ளி வச்சாங்க, 88 பேருக்கு ஒரு ஓட்டு கூட விழல. அப்ப டெபாசிட் வெறும் 250 ரூபா. அந்த வருஷமே சட்டத்த திருத்தி டெபாசிட்ட 5,000 ஆக்கி பத்து முன்மொழிபவரும் வேணும்னு கொண்டு வந்தாங்க. இப்ப பொதுப் பிரிவுக்கு 10,000, எஸ்சி எஸ்டிக்கு 5,000. (சில்லறைக் காசா மூட்டை கட்டிட்டு வந்து கட்டற ஆளுங்க ஒவ்வொரு எலக்‌ஷனும் இருக்காங்க, பேப்பர்ல போட்டோ வரும், ஆனா அத எண்ணி முடிக்கறதுக்குள்ள உங்க டைம்தான் போகும்.)

முன்மொழியறவங்கள எப்படி புடிக்கறது? டீக்கடையில நின்ன பத்து பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு போனா மாட்டுவீங்க. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி, வோட்டர் ஐடியில இருக்கற பேர், பட்டியல்ல இருக்கற பேர், பாகம் எண், வரிசை எண் நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. "செல்வி"ன்னு கையெழுத்து போடறவங்க பட்டியல்ல "தமிழ்ச்செல்வி"யா இருப்பாங்க, போன வருஷ லிஸ்ட்ல 412ல இருந்தவர் இந்த வருஷம் 397க்கு போயிருப்பாரு, அதனால கடைசியா வந்த பட்டியலதான் பாக்கணும். கைநாட்டு வைக்கறவங்கன்னா அதிகாரி முன்னாடிதான் வைக்கணும், வீட்டுல வச்சு வாங்கிட்டு போறது செல்லாது. எல்லாத்துக்கும் மேல, மிரட்டினா பின்வாங்காத ஆளா பாருங்க. 2017 டிசம்பர்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல நடிகர் விஷால் மனுவையே தள்ளுபடி பண்ணாங்க, பத்து பேர்ல ரெண்டு பேரு அது எங்க கையெழுத்தே இல்லைன்னு சொன்னதா காரணம். நடிகருக்கே அந்த கதின்னா நாம எந்த மூலைக்கு. கையெழுத்து போடும்போது வீடியோ எடுத்து வச்சுக்கறது, பரிசீலனை அன்னிக்கு அந்த பத்து பேரும் போன எடுக்கற தூரத்துல இருக்கறது, ரெண்டும் நல்லது.

அடுத்தது அபிடவிட், படிவம் 26. உங்க சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, உங்கள நம்பி இருக்கறவங்க சொத்து, கடன், கேஸ், படிப்பு, பான் நம்பர், அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கு, சோஷியல் மீடியா அக்கவுன்ட் வரைக்கும் கேப்பாங்க. ஒரு கட்டத்தக் கூட காலியா விடக்கூடாது, இல்லைன்னா "இல்லை"ன்னு எழுதுங்க, பொருந்தாதுன்னா "பொருந்தாது"ன்னு எழுதுங்க, கோடு போடறது, அப்படியே விடறது எதுவும் வேணாம். காலியா விட்டா மனுவ நிராகரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிடுச்சு. அரசு குவார்ட்டர்ஸ்ல கடந்த பத்து வருஷத்துல இருந்திருந்தா வாடகை, கரன்ட், தண்ணி, டெலிபோன் பாக்கி இல்லைன்னு சான்று வேணும், அது வர நாளாகும், முன்னாடியே எழுதிப் போடுங்க. எல்லா பக்கத்துலயும் கையெழுத்து, நோட்டரி சீல். இன்னொன்னு, வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, இந்த அபிடவிட் ஆபீஸ் போர்டுல ஒட்டுவாங்க, நெட்லயும் ஏறும், வீட்டுக்காரம்மா எத்தன பவுன் போட்டிருக்காங்க, எந்த சர்வே நம்பர்ல எவ்ளோ நிலம், யார்கிட்ட எவ்ளோ கடன் எல்லாத்தையும் சொந்தக்காரங்க உக்காந்து படிப்பாங்க. பங்காளி தகராறு இருக்கற குடும்பத்துல இதுவே தனி எலக்‌ஷன். அதுக்காக மறைக்காதீங்க, பொய்த் தகவல் குடுத்தா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கிரிமினல் கேஸ் இருக்குன்னா அத பேப்பர்லயும் டிவியிலயும் மூணு தடவை விளம்பரமா போடணும், அந்த செலவும் உங்க தலையில.

மனு குடுக்கறதுக்கு குறைஞ்சது ஒரு நாள் முன்னாடி எலக்‌ஷன் செலவுக்குன்னே தனியா ஒரு பேங்க் அக்கவுன்ட் ஆரம்பிச்சுடணும், பழைய சேவிங்ஸ் அக்கவுன்ட்ட காட்டாதீங்க. உள்ள போகும்போது உங்களோட சேத்து அஞ்சு பேர், 100 மீட்டருக்குள்ள மூணு வண்டி, அதுக்கு மேல கூட்டத்த கேட்லயே நிறுத்திடுவாங்க. மனு குடுத்த கையோட அரசியலமைப்புக்கு விசுவாசமா இருப்பேன்னு வேட்பாளர் எடுக்கற உறுதிமொழிய எடுத்துடுங்க, பரிசீலனைக்கு முந்தின நாளுக்குள்ள எடுத்தே ஆகணும், மாலை மரியாதை செல்ஃபி அவசரத்துல இத மறந்துட்டு கிளம்பறவங்க இருக்காங்க.

பரிசீலனைக்கு நீங்களே போங்க, படிச்ச ஒரு ஆள கூட்டிட்டு போங்க. யாராவது ஆட்சேபனை சொன்னா கத்தாதீங்க, பதில் சொல்ல டைம் கேளுங்க, தள்ளுபடி பண்ணா காரணத்த எழுத்துல வாங்குங்க. அது முடிஞ்சு வாபஸ் நாள் வரைக்கும் போன் வந்துட்டே இருக்கும், வாபஸ் வாங்கினா இது தரோம் அது தரோம்னு, சில பேருக்கு மிரட்டல். அந்த ரெண்டு நாள் தனியா சுத்தாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன்.

வாபஸ் நாள் மூணு மணிக்கு அப்புறம் சின்னம். மனுவுலயே மூணு சின்னம் விருப்பமா எழுதியிருப்பீங்க, ஒரே சின்னத்த ரெண்டு சுயேச்சை கேட்டா குலுக்கல். கருப்பு வெள்ளையில, கட்டை விரல் அளவுல பாத்தாலும் இன்னதுன்னு ஒரு பாட்டி சொல்லணும், அப்படி எடுங்க. 2017ல டிடிவி தினகரன் அதே ஆர்.கே.நகர்ல சுயேச்சையா நின்னு குக்கர்ல 40,707 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு, குக்கர்னு சொன்னா புரியாத வீடு கிடையாது. ஆனா ஏமாறாதீங்க, அவர் பின்னாடி ஒரு கட்சியோட பாதி எந்திரமே இருந்துச்சு. 2016லயும் 2021லயும் சட்டசபைக்கு ஒரு சுயேச்சை கூட ஜெயிக்கல. மிஷின்ல வரிசை எப்படின்னா மேல அங்கீகரிக்கப்பட்ட கட்சிங்க, அப்புறம் பதிவு பண்ண கட்சிங்க, கடைசியில சுயேச்சைங்க, அதுக்குள்ள தமிழ் அகர வரிசை. ஒரு மிஷின்ல நோட்டாவ சேத்து 16 பேர்தான், ஆள் அதிகம்னா நீங்க ரெண்டாவது மிஷின்ல இருப்பீங்க. அதனால நோட்டீஸ்ல சின்னத்தோட வரிசை நம்பரையும், எத்தனாவது மிஷின்ங்கறதயும் பெருசா போடுங்க.

2021 கணக்குப்படி சின்னம் கைக்கு வந்ததுல இருந்து பிரச்சாரம் முடியறதுக்கு ரெண்டு வாரம் கூட இல்ல. டிசைன் எல்லாம் முன்னாடியே முடிச்சு சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைங்க. நோட்டீஸ்ல அச்சகம் பேரு, வெளியிடறவர் பேரு ரெண்டும் இல்லைன்னா கேஸ். தொகுதி முழுக்க சுத்தற ஆசைய விடுங்க, ஒரு தொகுதிக்கு சுமார் 300 பூத், உங்களால உருப்படியா பாக்க முடியறது ஒரு 40, 50. உங்கள ஏற்கனவே தெரிஞ்ச ஊர், நீங்க ரோட்டுக்கோ தண்ணிக்கோ மனு குடுத்து அலைஞ்ச ஊர், அங்க ரெண்டு தடவை வீடு வீடா போங்க. மைக் வண்டிக்கு, கூட்டத்துக்கு எல்லாத்துக்கும் பர்மிஷன் வேணும், தேர்தல் ஆணையத்தோட சுவிதா ஆப்லயே போடலாம், ராத்திரி பத்துக்கு மேல மைக் கிடையாது.

காசு விஷயம். உச்சவரம்பு 40 லட்சம், அது வரம்புதானே தவிர செலவு பண்ணியே ஆகணும்னு யாரும் சொல்லல, நகைய அடகு வச்சு பேனர் கட்டாதீங்க. மனு குடுத்த நாள்ல இருந்து ரிசல்ட் வரைக்கும் ஒவ்வொரு டீயும் கணக்குல வரணும். சேர், பந்தல், மைக் செட், சாப்பாடு எல்லாத்துக்கும் மாவட்டத்துல தேர்தல் அதிகாரிங்க ஒரு ரேட் லிஸ்ட் வச்சிருப்பாங்க, மச்சான் சும்மா குடுத்த சேரா இருந்தாலும் அந்த ரேட்ல மதிப்பு போட்டு எழுதணும், ஏன்னா நீங்க எழுதலைன்னாலும் அவங்க வீடியோ எடுத்து தனியா ஒரு நிழல் கணக்கு எழுதிட்டு இருப்பாங்க. ஒரே ஆளுக்கு மொத்தத்துல பத்தாயிரத்துக்கு மேல ரொக்கமா குடுக்கக் கூடாது. கைல 50,000க்கு மேல வச்சிட்டு பேப்பர் இல்லாம வண்டியில போனா பறக்கும் படை எடுத்துட்டு போயிடும். பிரச்சார நாள்ல மூணு தடவையாவது செலவு ரெஜிஸ்டர அந்த அதிகாரிங்ககிட்ட கொண்டு போய் காட்டணும். இதுக்கு கணக்கு எழுதற பழக்கம் இருக்கற ஒரு ஆள, ரிட்டயர்டு கிளார்க் யாராவது, முதல் நாள்லயே புடிச்சு உக்கார வைங்க.

ஓட்டு நாள்ல உங்க பூத் ஏஜென்ட்டுங்கதான் எல்லாம். 300 பூத்துக்கும் ஆள் போட முடியாது, நீங்க வேலை பாத்த பூத்துக்காவது போடுங்க, நியமன படிவத்துல முன்கூட்டியே கையெழுத்து போட்டு குடுத்துடுங்க. ஓட்டு ஆரம்பிக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மாதிரி வாக்குப்பதிவு, குறைஞ்சது 50 ஓட்டு போட்டு பாப்பாங்க, ஏஜென்ட் அஞ்சரைக்கு அங்க இருக்கணும். முடிஞ்சதும் 17சி படிவத்தோட நகல வாங்காம வெளிய வரக்கூடாது, அந்த பூத்துல மொத்தம் எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு அதுலதான் இருக்கு, எண்ணும்போது அதோட ஒப்பிட்டு பாக்கணும். கொஞ்ச ஓட்டுதானேன்னு நினைக்காதீங்க, 2016ல ராதாபுரம் 49 ஓட்டுல முடிஞ்சது, 2021ல தி.நகர் 137ல. மறு எண்ணிக்கை கேக்கணும்னா ரிசல்ட்ட அறிவிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல குடுக்கணும், அறிவிச்ச பிறகு ஹைகோர்ட்தான்.

டெபாசிட் திரும்ப வரணும்னா செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும், 1,80,000 ஓட்டு விழுந்தா 30,000த்த தாண்டணும், நோட்டா அந்தக் கணக்குல சேராது. பெரும்பாலான சுயேச்சைக்கு அது போயிடும், அந்தப் பணம் போனதாவே நினைச்சுட்டு நில்லுங்க. மேட்டூர் பத்மராஜன் 1988ல இருந்து 200 எலக்‌ஷனுக்கு மேல நின்னு அசரல. ஆனா தோத்த கடுப்புல செலவு ரெஜிஸ்டர பரண்ல தூக்கிப் போட்டுடாதீங்க. ரிசல்ட் வந்த 30 நாளுக்குள்ள பில்லு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோட கணக்க மாவட்ட தேர்தல் அலுவலர் ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கணும், ஒரு ரூபா செலவு பண்ணலைன்னாலும் குடுத்தே ஆகணும், குடுக்கலைன்னா மூணு வருஷம் எந்த சட்டசபை எலக்‌ஷனுக்கும் பாராளுமன்ற எலக்‌ஷனுக்கும் நிக்க முடியாம தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க. அந்த ரசீத ஒரு ஜெராக்ஸ் போட்டு, அபிடவிட் நகலோட ஒரே பைல்ல வச்சிடுங்க.