எலும்பு ஃபுளோரோசிஸ்: நோயாளி விவர அறிக்கையை எழுதுவது எப்படி?

குடிநீரிலுள்ள அதிக ஃபுளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்து எலும்புகளையும் மூட்டுகளையும் பாதிக்கும் நோய்தான் எலும்பு ஃபுளோரோசிஸ். தருமபுரி மாவட்டத்தில் இந்நோயால் முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப இயலாமல் வரும் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழுக்கு எழுத விரும்பும் இளம் மருத்துவர், முதலில் அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற வேண்டும். அறிக்கையில் எதை எந்த வரிசையில் எழுதுவது என்பதற்கு, இத்தகைய அறிக்கைகளுக்கென்றே 2013இல் வெளியான கேர் (CARE) வழிகாட்டி போதுமானது.

பொறுமை தேவைப்படுவது நோய் வரலாற்றில்தான். "என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால், இன்று குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே சொல்வார், "சின்ன வயதில் எந்தக் கிணறு, எந்த போர்வெல், எத்தனை வருடம்?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். அந்த நீரைச் சோதித்து, ஃபுளோரைடு அளவைக் குறிப்பிட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

முன்கை எக்ஸ்ரேயில் இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறி முள்முள்ளாக நீண்டிருப்பது வலுவான சான்று என்பதால், அந்தப் படத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். பற்களில் பழுப்புக் கறை இல்லை என்பதற்காக இந்நோயை விலக்கிவிடக் கூடாது. பற்கள் உருவாகி முடிந்தபின் இவ்வூருக்குக் குடிவந்தவருக்குக் கறை ஏற்படாது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் ஃபுளோரைடு உடலில் கூடுதலாகத் தேங்கும் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் அளவையும் விடாமல் எழுத வேண்டும். இதேபோல் முதுகை விறைக்கச் செய்யும் அழற்சி நோயான ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் ஏன் இல்லை என்பதற்குத் தனிப் பத்தியே ஒதுக்கலாம்.