பிக்கப் வண்டி பின்னால் சாய்கிறதா? பட்டை சேர்க்கும் முன் சென்டர் போல்ட்டைப் பாருங்கள்

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கத் தொடங்கினால், பலரும் நேரே பட்டறைக்குப் போய்க் கூடுதலாக ஒரு கமான் பட்டையை (வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த உருக்குப் பட்டை) போட்டுக்கொண்டு வருகிறார்கள். காரணம் தெரியாமல் பட்டை சேர்த்தால் காசு கரையுமே தவிர, பழுது நீங்காது.

முதலில் சரக்கை இறக்கி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரு பின் டயர்களிலும் காற்று ஒரே அளவில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பிறகு ஆக்சிலிலிருந்து (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வரையுள்ள உயரத்தை இருபுறமும் டேப் வைத்து அளக்கவும். தாழ்ந்த பக்கத்துப் பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தால், விரிசல் மெல்லிய துருக்கோடாகத் தெரியும். சென்டர் போல்ட்டுக்கான துளை இருப்பதால் வலுக்குறைந்த நடுப்பகுதியில்தான் அது பெரும்பாலும் விழுகிறது. ஷாக் அப்சார்பர் மீது பழி போடுவோரும் உண்டு. ஆனால் அது குலுக்கத்தை அடக்குமே ஒழிய, எடையைத் தாங்குவது பட்டைதான்.

பலரும் பார்க்காமல் விடுவது சென்டர் போல்ட். பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்கும் இந்தப் போல்ட்டின் தலை, ஆக்சில் மீதுள்ள குழியில் உட்கார்ந்து ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துகிறது. பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போதும் வண்டி இழுக்கும்போதும் வரும் விசை முழுவதும் இந்தச் சிறு போல்ட்டின் மேல் விழ, அது வெட்டுண்டு, ஆக்சில் ஒருபக்கம் மட்டும் நகர்ந்துவிடும். அப்போது நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கும். பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இருபுறமும் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பட்டை உட்காரும் இடத்தில் துரு உரிந்து இரும்பு பளபளத்தால் சந்தேகமே வேண்டாம்.

பழுது நீக்க, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனியாக ஜாக்கி வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது வீண்வேலை. சூட்டில் உருக்கின் பதம் போய்விடுவதால் அது மறுபடியும் உடையும். தளர்ந்துபோன பட்டைத்தொகுதியை இருபுறமும் சேர்த்தே மாற்றவும். இறுக்கியபோது இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் பழைய யூ போல்ட்டை மறுபடி போடாமல், புதியதை வாங்கி, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுக்கு எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். ரப்பர் புஷ் (உள்ளுறை) உள்ள கண் போல்ட்டையும், பட்டையின் மறுமுனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிலின் போல்ட்டையும் மட்டும், சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்கவும். இல்லையேல் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பாரத்துக்காகப் பட்டை சேர்த்தே தீர வேண்டுமென்றால், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே சிறு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் உயர்ந்துவிட்டால், அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாகக் கணக்கிட்டு, பாரம் ஏற்றிய நிலையிலும் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே அதன் அளவையும் கூடவே திருத்தி வைக்க வேண்டும்.