குளிர்காலத்துக்குத் தூண்டிலை எடுத்துவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் விலகிய பிறகு, மாதக்கணக்கில் மூலையில் கிடந்த தூண்டில் கம்பை முதல் தடவையாகக் கரைக்கு எடுத்துப் போகிறோம். மீன் கவ்வுகிறது. நல்ல கனம். ஓட ஆரம்பிக்கிறது, ஆனால் தூண்டில் நரம்பைச் சுற்றிவைத்திருக்கும் ரீல் நரம்பை விட மாட்டேன் என்கிறது. கம்பு வளைந்து, ஒரு வெட்டு இழுப்பு, அவ்வளவுதான், அறுந்த நரம்பு காற்றில் ஆடுகிறது. நரம்பு மட்டமானது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கப் போவோம். பெரும்பாலும் நரம்பின் மேல் தப்பே இருக்காது. குளிருக்கு முன்னால் ரீலை எடுத்துவைத்த அன்று, நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியே ஓட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் டிராக் திருகைத் தளர்த்தாமல் விட்டிருப்போம்.

வெறும் குளிரால் தூண்டில் சாமான்கள் கெடுவது குறைவு என்பது இத்தனை வருடங்களில் நான் கண்டுகொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரமும் அப்படியே விட்டுவைத்த இறுக்கமும்தான் கெடுக்கின்றன. எடுக்காமல் கிடக்கும் அந்த மூன்று நான்கு மாதங்கள் இந்த இரண்டுக்கும் வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிடுகின்றன.

ஈரத்தோடு மூடிவிடுவது

கடைசி நாள் மீன்பிடிப்பு முடிந்து, களைப்போடு வீட்டுக்கு வந்து, கம்பைத் துணி உறையில் செருகி, உறையைக் குழாய்ப் பெட்டிக்குள் போட்டு மூடியைத் திருகிவிடுகிறோம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. துணி ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்கிறது, போவதற்கு வழியில்லை. கார்க் பிடியில் பூஞ்சை பிடிக்கும். நரம்பு நுழைந்து ஓடும் வளையங்களின் கால்கள் நூல் கட்டுக்கு அடியில் துருப்பிடிக்கும். வார்னிஷ் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். இந்தக் கொப்புளங்களைத் துடைத்து எடுக்க முடியாது, சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். கம்பையும் உறையையும் தனித்தனியாக இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டு அப்புறம் சேர்த்தால் இந்தத் தொல்லையே கிடையாது. குழாய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தே வைப்பது இன்னும் நல்லது.

ரீலுக்குள் போன தண்ணீர் இதைவிட மோசம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருமன் கூடும். உறைநிலைக்குக் கீழே போகும் கொட்டகையில் ஈர ரீல் கிடந்தால், பேரிங் இடுக்கிலும் ரப்பர் அடைப்புக்குப் பின்னாலும் நிற்கும் துளிகள் உறைந்து, உருகி, மறுபடி உறையும். ஒரே இரவில் எதுவும் உடைந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடைப்பு கொஞ்சம் விலகும், ஈரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.

கடலில் பிடிப்பவர்கள் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ந்த உப்பு ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலேயே, பெட்டிக்குள் கிடக்கும் ரீல் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கும். அலுமினியத்துக்கே இது கெடுதல். மெக்னீசியம் உடல் கொண்ட ரீல் என்றால் மேல்பூச்சு கீறிய இடத்திலெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதற்குப் பயந்து சிலர் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பார்கள், இல்லையென்றால் ரீலை வாளியில் முக்கிவைப்பார்கள். இரண்டுமே உப்பையும் மணலையும் அடைப்பைத் தாண்டி உள்ளே தள்ளும். டிராக் திருகை முழுக்க இறுக்கிவிட்டு, சாதாரணத் தண்ணீரை மெல்லத் தூவினால் போதும். இறுக்குவது எதற்கு என்றால், டிராக் தட்டுகளுக்குத் தண்ணீர் போகாமல் இருக்க. கழுவி, துடைத்து, உலர்த்திய பிறகு அதைத் தளர்த்த வேண்டும். பலரும் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துபோகிறார்கள்.

டிராக்கை இறுக்கியே விடுவது

டிராக் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளும் வாஷர்களும்தான். மீன் இழுக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி, அளவாக வழுக்கி, நரம்பை விட்டுக்கொடுக்கும். வாஷர் ஃபெல்ட்டாக (அழுத்திச் செய்த தடித்த துணி) இருக்கலாம், கார்பன் இழையாக இருக்கலாம். எண்ணெய் ஊறிய ஃபெல்ட்டை மாதக்கணக்கில் அழுத்தியே வைத்தால் அமுங்கி, எண்ணெயைக் கக்கி, தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கார்பன் இதைக் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் இடையில் இருக்கும் கிரீஸ் இறுகிப்போனால் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ளும். நரம்பை அறுப்பது இந்தத் தொடக்கப் பிடிப்புதான். மீன் சீராக இழுப்பதை நரம்பு தாங்கிவிடும். விடாமல் பிடித்து, திடீரென்று விடும் அந்த ஒரு நொடி வெட்டை அது தாங்குவதில்லை.

திருகை முழுவதும் தளர்த்தி வைக்க எடுக்கும் நேரம் இரண்டு விநாடி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

கிரீஸை அப்பிவைப்பது

துருப்பிடிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ரீலைத் திறந்து, இண்டு இடுக்கெல்லாம் கிரீஸை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. குளிரில் கிரீஸ் கெட்டியாகும். கைப்பிடி கனத்துச் சுற்றினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான நவீன ரீல்களில் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்க ஒருவழி பேரிங் ஒன்று இருக்கும். அதற்குள் சிறிய உருளைகளும் அவற்றைத் தள்ளும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் உண்டு. கெட்டிப்பட்ட கிரீஸுக்குள் அந்த ஸ்பிரிங்குகளால் உருளையைத் தள்ள முடியாது, பூட்டு விழாது. மீன் கவ்வியதும் தூண்டிலைச் சுண்டினால், கைப்பிடி பின்பக்கம் சுழன்று விரல் முட்டியில் அடிக்கும், தூண்டில் முள்ளும் மீனின் வாயில் ஏறாது. ரீல் உடைந்துவிட்டது என்று ரிப்பேருக்குக் கொண்டுபோவோம். உண்மையில் அந்தப் பேரிங்கைச் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெயை மிகக் கொஞ்சமாகத் தடவினாலே சரியாகிவிடும்.

பல்சக்கரத்துக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஒரு துளி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவை இளக்கப் பயன்படும் ஸ்ப்ரேயை ரீலுக்குள் அடிக்க வேண்டாம். அது இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கழுவிவிடும், பின்னால் காக்க எதுவும் மிஞ்சாது.

எண்ணெய் விடும்போது எல்லோரும் விட்டுவிடும் இடம், நரம்பைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியின் ஓரத்தில் இருக்கும் நரம்பு உருளை. ஈர நரம்பு முழுவதும் அதன் மேல்தான் ஓடுகிறது. ரீலிலேயே அதிகம் நனைவது அதுதான், கவனிப்பு குறைவதும் அதற்குத்தான். அது துருப்பிடித்து நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் உரசி, வருடம் முழுக்கக் காரணம் தெரியாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் தள்ளிச் சுழல்கிறதா என்று பாருங்கள்.

கம்பை மூலையில் சாய்த்து நிறுத்துவது

என் மாமா கொடுத்த மூங்கில் கம்பு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க அலமாரிக்குப் பின்னால் சாய்த்தே வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது நுனிப்பக்கம் ஒருபுறமாக வளைந்திருந்தது. அந்த வளைவு அப்புறம் போகவேயில்லை. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

மூங்கிலும் கண்ணாடி இழையும் நீண்ட நாள் பாரத்துக்கு இப்படி வசப்பட்டுவிடும். கார்பன் கம்பு அவ்வளவு எளிதில் வளைவை ஏற்காது. ஆனால் அதற்கு வேறு பலவீனம் இருக்கிறது. ஏதாவது கனமான பொருள் விழுந்து லேசாக அடிபட்டாலே உள்ளிழைகள் சேதமாகும். வெளியே ஒன்றும் தெரியாது, பெரிய மீன் வரும் நாளில் அந்த இடத்தில் பட்டென்று முறியும். கொட்டகையில் மற்ற சாமான்களோடு சேர்த்துப் போட்டுவைக்கக் கூடாது என்பது அதனால்தான். நேர் செங்குத்தாகத் தொங்கவிடலாம், படுக்கவைத்தால் மூன்று நான்கு இடத்தில் முட்டுக்கொடுக்கலாம்.

இன்னொரு பழக்கம், முள்ளை ஒரு வளையத்தில் மாட்டி நரம்பைச் சுற்றி இறுக்கி, நுனி வளைய நிறுத்துவது. கரையில் நடந்துபோகும் பத்து நிமிடத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் அப்படி வைத்தால் நுனி தளரும், முள் இடித்து வளையத்தின் பீங்கான் உள்வட்டு சேதமாகலாம். அதில் விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துணுக்கை வளையத்துக்குள் சுழற்றிப் பாருங்கள், இழை சிக்கினால் விரிசல் இருக்கிறது. அந்த வளையத்தை மாற்றாமல் எத்தனை நரம்பு மாற்றினாலும் வீண்.

இரண்டு துண்டுக் கம்பைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். இணைப்பில் ஈரமும் மணலும் சேர்ந்தால் இறுகிவிடும். இறுகியதைக் கழற்ற வளையங்களைப் பிடித்து முறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வளையம்தான் பெயர்ந்து வரும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நேர்க்கோட்டில் இழுங்கள். ஐஸ் வைத்தால் சுருங்கிக் கழன்றுவிடும் என்பது உலோக இணைப்புள்ள பழைய கம்புகளுக்குப் பொருந்தும். கார்பன் குளிரில் அவ்வளவாகச் சுருங்காது, அதற்கு ஐஸை நம்ப வேண்டாம். எடுத்துவைக்கும் முன் உள்ளே நுழையும் முனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவைத்தால் அடுத்த வருடம் சிக்காது.

நரம்பில் செய்யும் தவறுகள்

எடுத்துவைக்கும் முன் புது நரம்பு சுற்றிவிடலாம், அப்படியே தயாராக இருக்கும் என்று தோன்றும். தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பைப் பொறுத்தவரை இது வீண் செலவு. நைலான் தான் சுற்றியிருந்த வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலில் மாதக்கணக்கில் இறுகக் கிடந்தால், வீசும்போது சுருள் சுருளாக வந்து விழும். குளிரில் விறைப்பு கூடுவதால் சுருள் இன்னும் மோசமாகத் தெரியும். பழைய தங்கூசியை இப்போது கழற்றிவிட்டு, புதியதை மறுபடி போகும் வாரத்தில் சுற்றுங்கள். ஃபுளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு தண்ணீரை உறிஞ்சாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் சுருள் விஷயத்தில் அதுவும் நைலானுக்கு நண்பன்தான்.

பின்னல் நரம்பு வேறு மாதிரி. சுருளாது, பல வருடம் வரும். அதன் இழை தண்ணீரைக் குடிக்காது, ஆனால் இழைகளுக்கு நடுவில் தண்ணீர் தங்கும். ஈர ஸ்பூலை அப்படியே வைத்தால் அடியில் இருக்கும் சுற்றுகள் காய நெடுநாள் ஆகும், அதுவரை ஸ்பூலின் உலோகம் உப்பில் ஊறும். நீளமாக இழுத்துத் துடைத்துக் காயவிட்டுச் சுற்றுங்கள். அப்போதே தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால், இதுவரை அடியில் புதிதாகவே கிடந்த பகுதி மேலே வந்துவிடும், பாதி விலைக்குப் புது நரம்பு கிடைத்த மாதிரி.

பிரிக்காத நரம்புச் சுருள்களை ஜன்னலோரத்திலும் ஹீட்டர் பக்கத்திலும் வைக்க வேண்டாம். நைலானைக் கெடுப்பதில் குளிரைவிட வெயிலும் சூடும் பெரியவை. இருட்டான, காய்ந்த ஒரு பெட்டி போதும். கழற்றிய பழைய நரம்பைக் கரையிலோ குப்பை மேட்டிலோ சுருளாக எறியாதீர்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொண்டு அவை படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. துண்டு துண்டாக நறுக்கி, மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

குளிரிலும் பிடிக்கப் போகிறவர்களுக்கு

வளையங்களில் பனிக்கட்டி கட்டிக்கொண்டால் தட்டி உடைக்கக் கூடாது. நுனியைத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அமிழ்த்தினால் தானே கரையும். திரும்பி வந்ததும் உறைந்த ரீலை நேரே வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து பெட்டியில் மூடுவது இன்னொரு தவறு. 20 டிகிரி செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 0 டிகிரி காற்று 5 கிராம்கூடத் தாங்காது. ஆகவே குளிர்ந்த உலோகத்தைத் தொடும் அறைக் காற்று தன் ஈரத்தை அதன் மேலேயே இறக்கிவிடும், ரீலின் உள்பக்கமும் சேர்த்து. திறந்தபடி வைத்து, அறையின் சூட்டுக்கு வந்ததும் துடைத்து, மறுநாள் மூடலாம். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர் மேல் வைத்தால் கம்பின் பசையும் பூச்சும் இளகும்.

மின்சார ரீல் வைத்திருப்பவர்கள் லித்தியம் பேட்டரியைக் கழற்றி, பாதி அளவு சார்ஜில், வீட்டுக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யவே கூடாது, செல்கள் நிரந்தரமாகக் கெடும்.

மறுபடி போவதற்கு முந்தின நாள், டிராக்கைச் சிறுகச் சிறுக இறுக்கி, நரம்பைக் கையால் ஒரு கஜம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதல் விரற்கடையிலிருந்தே வழுக்கி வந்தால் கிளம்பலாம். பிடித்து, உதறி, அப்புறம் விட்டால், ஸ்பூலைக் கழற்றி வாஷர்களைப் பிரித்துத் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் டிராக் கிரீஸை மெல்லத் தடவி மாட்டுங்கள்.